கோடை மாலையில் ரேஞ்சர் பேச்சு: அமெரிக்க வரலாற்றுப் பூங்காக்களுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் கோடையிலேயே நயாகராவைப் பார்த்துவிடுகிறார்கள். கிராண்ட் கேன்யனுக்கும் போய்விடுகிறார்கள். இந்த நாடு எப்படி உருவானது, எதற்காக அடித்துக்கொண்டது என்று உட்கார்ந்து கேட்க ஒரு மாலையை ஒதுக்குகிறவர்கள் குறைவு. அதற்கான நல்ல வழி பல வரலாற்றுப் பூங்காக்களில் இருக்கிறது. கோடைக்காலத்தில் பொழுது சாயும் நேரத்தில், பூங்கா ஊழியரான ரேஞ்சர் ஒருவர் திறந்தவெளியில் நின்று அந்த இடத்தின் கதையைச் சொல்வார். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். பெரும்பாலான பேச்சுகளுக்கு டிக்கெட் கிடையாது. அடையாள அட்டை காட்டச் சொல்ல மாட்டார்கள். விசா என்ன என்றெல்லாம் விசாரிக்கவும் மாட்டார்கள். கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்கப் போவதுபோல யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

இந்த இடங்களை நடத்துவது நேஷனல் பார்க் சர்வீஸ். 1916 ஆகஸ்ட் 25 அன்று தொடங்கப்பட்ட கூட்டரசுத் துறை இது. இன்று அதன் பொறுப்பில் 400க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. மலையும் காடும்தான் நினைவுக்கு வரும் என்றாலும், அவற்றில் பாதிக்கு மேல் போர்க்களங்கள், கோட்டைகள், பழைய வீடுகள், ஆலைகள், முகாம்கள் என வரலாற்று இடங்கள்தான். சாம்பல் நிறச் சட்டை, பச்சைக் கால்சட்டை, தட்டையான அகல விளிம்புத் தொப்பி போட்டிருப்பவர் ரேஞ்சர். அவரைத் தேடித்தான் நாம் போகிறோம்.

முதலில்: எந்தப் பேச்சு?

மாலை நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. எது உங்களுக்குச் சரிப்படும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

முதல் வகை, கேம்ப்ஃபயர் பேச்சு. மரங்களுக்கு நடுவே பெஞ்சுகள் போட்ட சிறு அரங்கு, முன்னால் நெருப்பு, சில இடங்களில் ஒரு திரை. பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பிட்சர் வுட்ஸ் என்ற தோப்பில் இப்படி ஓர் அரங்கு இருக்கிறது. முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். பேச்சு எளிமையாக இருக்கும், குடும்பமாகப் போகலாம், முன்னறிவு இல்லாமலேயே பின்தொடரலாம்.

இரண்டாவது, விரிவுரை. தொல்லியல் ஆய்வாளரோ வரலாற்றுப் பேராசிரியரோ வந்து தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார். ஒஹையோ மாநிலத்தில் சில்லிகாத்தி நகருக்கு அருகே இருக்கும் ஹோப்வெல் பண்பாட்டு வரலாற்றுப் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் மண்ணைக் கொட்டிக் கட்டிய பெரிய மேடுகளும் வளைவுகளும் இன்றும் நிற்கின்றன. 2023இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவுக்கு வரலாறே இல்லை, எல்லாம் நேற்று வந்தது என்று பேசுகிறவர்கள் அங்கே ஒரு மாலை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மூன்றாவது, வானம் பார்க்கும் நிகழ்ச்சி. நியூ மெக்சிகோவில் சாக்கோ பண்பாட்டு வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. கி.பி. 850 முதல் 1150 வரை அங்கே கல்லால் கட்டப்பட்ட பல அடுக்கு மாளிகைகளின் சுவர்கள் இன்னமும் நிற்கின்றன. சுற்றிலும் ஊர் வெளிச்சமே இல்லாததால் வானம் அப்படித் தெளிவாகத் தெரியும். 2013இல் அது சர்வதேச இருள் வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே போகும் சாலையின் கடைசி மைல்கள் மண் பாதை. மழை பெய்தால் சேறாகிவிடும், பூங்காவுக்குள் பெட்ரோலும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. முதல் பயணத்திற்கு அது வேண்டாம்.

தெற்கு டகோட்டாவின் மவுண்ட் ரஷ்மோரில் நடப்பது இன்னொரு மாதிரி. கோடை இரவுகளில் ரேஞ்சர் சிறிது நேரம் பேசுவார், ஒரு படம் போடுவார்கள், அப்புறம் பாறையில் செதுக்கிய நான்கு அமெரிக்க அதிபர்களின் முகங்கள் மீதும் விளக்கு விழும். கூட்டம் அதிகம், பேச்சு குறைவு. அந்தப் பக்கம் போனால் கட்டாயம் பாருங்கள். நின்று கேள்வி கேட்டுப் பேச வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள்.

தேதியும் நேரமும்

மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வரும் மெமோரியல் டேயிலிருந்து செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் லேபர் டே வரை என்பது பொதுவான கணக்கு. இதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். கோடை ரேஞ்சர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள். அவர்கள் வந்து, பயிற்சி முடித்து, தங்கள் பேச்சைத் தயாரித்த பிறகுதான் முழு அட்டவணை ஓடும். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் பாதி வரை போவது பாதுகாப்பு. ஆள் பற்றாக்குறை உள்ள ஆண்டுகளில் வாரத்தில் சில நாட்கள் மட்டும் வைப்பார்கள், சில நிகழ்ச்சிகளைக் கைவிடவும் செய்வார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பார்க் சர்வீஸின் இணையதளத்தில் ஒவ்வொரு பூங்காவுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் நாட்காட்டிப் பகுதியைத் திறந்து, நீங்கள் போகும் தேதியைக் கொடுத்து, அன்றைய நிகழ்ச்சிகளைப் பாருங்கள். துறையின் இலவசச் செயலியிலும் இதே விவரம் வரும். ஒரு பூங்காவின் தகவல்களை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் இது கைகொடுக்கும், வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள். போகும் நாளன்று பிற்பகலில் பார்வையாளர் மையத்துக்குப் போய் நேரில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இடம் மாறியிருந்தாலோ மழையால் ரத்தாகியிருந்தாலோ அங்கேதான் முதலில் தெரியும்.

தொடங்கும் நேரம் சீசன் முழுக்க ஒன்றாக இருக்காது. கெட்டிஸ்பர்க்கில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை மணிக்கு மேல் ஆகிவிடும். ஆகஸ்ட் நடுவில் எட்டு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். இருட்டை ஒட்டி நேரத்தை வைப்பதால் போன மாதம் போய்வந்த நண்பர் சொன்ன மணி இந்த மாதம் பொருந்தாமல் போகலாம்.

காசு

பேச்சு இலவசம் என்றால் பூங்காவும் இலவசம் என்று அர்த்தமில்லை. கெட்டிஸ்பர்க், அதே பென்சில்வேனியாவில் உள்ள வேலி ஃபோர்ஜ் இரண்டிலும் நுழைவுக் கட்டணமே கிடையாது. மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி, கொலராடோவின் மீசா வெர்டே, சாக்கோ ஆகியவற்றில் உண்டு. மவுண்ட் ரஷ்மோரில் நுழைவு இலவசம், ஆனால் பார்க்கிங்குக்குக் காசு. பல பூங்காக்கள் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை கையில் இருக்கட்டும்.

கெட்டிஸ்பர்க்கில் புதியவர்கள் குழம்புவது ஒன்று உண்டு. அருங்காட்சியகத்துக்கும் அங்கே காட்டும் படத்துக்கும் டிக்கெட் வேண்டும். உரிமம் பெற்ற போர்க்கள வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், 1915 முதல் தொடரும் ஏற்பாடு அது. அவர்கள் உங்களோடு சேர்ந்து சுற்றி வந்து விளக்குவார்கள், அதற்குக் கட்டணம் தனி. நல்ல சேவைதான். ஆனால் ரேஞ்சர் பேச்சைக் கேட்க இவை எதையும் வாங்கத் தேவையில்லை.

பேச்சு முடிந்ததும் ரேஞ்சர் கையில் டிப்ஸ் கொடுக்க முயல வேண்டாம். அவர் அரசு ஊழியர், வாங்க முடியாது. மனம் நிறைந்திருந்தால் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, பூங்காவுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த ஆண்டும் இந்த வேலை கிடைக்குமா என்ற நிலையில் இருக்கிற ஒரு பருவகால ரேஞ்சருக்கு அந்த நாலு வரி உண்மையிலேயே உதவும்.

போகும் முன் அரை மணி நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். அமெரிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு ரேஞ்சர் சொல்லும் பெயர்களில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். நாம் படித்தது வேறு வரலாறு. பிளாசிப் போர் எப்போது என்று கேட்டால் சொல்வோம், லீ யார் பக்கம் என்றால் யோசிப்போம். அரை மணி நேரம் படித்துவிட்டுப் போனால் இந்த இடைவெளி பெருமளவு அடைபட்டுவிடும்.

கெட்டிஸ்பர்க்கையே எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தன. அதுதான் போரின் வேர். வடக்குப் படை யூனியன், நீல உடை. தெற்குப் படை கான்ஃபெடரேட், சாம்பல் உடை. 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க்கில் சண்டை நடந்தது. வடக்குக்கு ஜார்ஜ் மீட் தளபதி, தெற்குக்கு ராபர்ட் லீ. முதல் நாள் யூனியன் படை ஊருக்கு வெளியே தோற்று, ஊரின் தெற்கே இருந்த மேட்டு நிலத்துக்குப் பின்வாங்கியது. இரண்டாம் நாள் தெற்குப் படை அந்த மேட்டின் இரு ஓரங்களையும் தாக்கியது. லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்று அந்த நாளில்தான் பெயர் பெற்றது. மூன்றாம் நாள் லீ நடுப்பகுதியைத் தாக்கச் சுமார் 12,000 பேரைத் திறந்தவெளி வயலில் நடந்து போகச் சொன்னார். பிக்கெட் தாக்குதல் என்று சொல்வது அதைத்தான். அது முறியடிக்கப்பட்டது, லீ பின்வாங்கினார்.

51,000 என்ற எண் பேச்சில் வரும். அது இறந்தவர்களின் கணக்கு மட்டுமல்ல. காயமடைந்தோர், பிடிபட்டோர், காணாமல் போனோர் எல்லோரும் அதில் அடக்கம். அப்போது அந்த ஊரின் மக்கள்தொகையோ சுமார் 2,400. படைகள் போன பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்டவர்கள் அந்தச் சிறு ஊரின் தலையில் விழுந்தார்கள். வீடு, தேவாலயம், மாட்டுக் கொட்டகை எல்லாம் மருத்துவமனை ஆயின. நாலு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று, புதிய கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் அந்நாளின் புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் லிங்கன் இரண்டே நிமிடம் பேசினார், ஏறத்தாழ 270 சொற்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டு நிமிடத்தை.

படை அமைப்பைப் பற்றியும் கொஞ்சம். ரெஜிமென்ட் என்பது காகிதத்தில் 1,000 பேர், ஆனால் 1863க்குள் நோயும் சாவும் போக முந்நூறு நானூறு பேர்தான் மிச்சம். சில ரெஜிமென்ட்கள் சேர்ந்தால் பிரிகேட், பிரிகேட்கள் சேர்ந்தால் டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தால் கோர். இந்த ஏணி மனதில் இருந்தால் போதும். ஒரு ரெஜிமென்ட் பெரும்பாலும் ஒரே மாநிலத்தின், ஒரே வட்டாரத்தின் ஆட்களால் ஆனது. அதனால் ஒரு மணி நேரச் சண்டையில் ஓர் ஊரின் இளைஞர்கள் மொத்தமாகப் போய்விடுவது நடந்தது. ரேஞ்சர் 20ஆவது மேய்ன் என்று சொல்லும்போது மேய்ன் மாநிலத்து ஊர்களின் பிள்ளைகளைச் சொல்கிறார்.

வேறு பூங்காவுக்குப் போவதானாலும் இதே முறைதான்: யார், எப்போது, எதற்காக, முடிவு என்ன. வேலி ஃபோர்ஜ் என்றால் அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது 1777-78 குளிர்காலம், வாஷிங்டனின் 12,000 பேர் கொண்ட படை, அங்கே போரே நடக்கவில்லை, ஆனால் நோயால் 2,000 பேர் வரை இறந்தார்கள். மான்சனார் என்றால் 1942, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த முகாம். அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். வேறு நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் மான்சனாரின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிந்தால் அன்று பிற்பகலே போய்விடுங்கள். கெட்டிஸ்பர்க்கில் 24 மைல் காரில் சுற்றிவரும் பாதை இருக்கிறது, வழியெங்கும் விளக்கப் பலகைகள். பகலில் கண்ணால் பார்த்த வயலைப் பற்றி மாலையில் கேட்கும்போது காதில் விழும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இடம் மனதில் தெரியும்.

கையோடு எடுத்துப் போக

பெஞ்சுகளுக்குப் பல இடங்களில் சாய்மானம் இருக்காது. மடக்கு நாற்காலியோ தடித்த துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கொசு மருந்து, ஒரு டார்ச். டார்ச் சிவப்பு வெளிச்சம் தருவதாக இருந்தால் நல்லது, வான நிகழ்ச்சியில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் எல்லோர் கண்ணும் கெட்டுவிடும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும் வேண்டும். மீசா வெர்டே 7,000 அடிக்கு மேல் இருக்கிறது, ஜூலையிலும் இரவில் குளிரும்.

வடகிழக்கு மாநிலங்களில் உண்ணிகளிடம் எச்சரிக்கை தேவை. லைம் நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி, எள் அளவுதான் இருக்கும். முழுக்கால் சட்டை போடுங்கள், வெளிர் நிறமாக இருந்தால் ஊர்வது தெரியும். உயரமான புல்லுக்குள் குறுக்கு வழி போக வேண்டாம்.

அங்கே போனதும்

இருபது நிமிடம் முன்னால் போய், முன் வரிசையில் உட்காருங்கள். ரேஞ்சர்கள் பேச்சுக்கு முன் வந்தவர்களிடம் நடந்து வந்து எந்த ஊர், என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அது வெறும் மரியாதைக்கு அல்ல. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் எதை விளக்கமாகச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார்கள். அப்போது தயங்காமல் சொல்லிவிடுங்கள்: நாங்கள் இந்தியாவிலிருந்து, அல்லது இலங்கையிலிருந்து, புதிதாக வந்தவர்கள், உள்நாட்டுப் போர் பற்றி அதிகம் தெரியாது என்று. நல்ல ரேஞ்சர் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்துப் பேசுவார். பக்கத்தில் இருக்கும் அமெரிக்கர்களுக்கும் அது பிடிக்கும், கேட்க வெட்கப்பட்டவர்கள் அவர்களிலும் உண்டு.

பேச்சு நடக்கும்போது போன் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். பீரங்கி மீதும் நினைவுச் சின்னங்கள் மீதும் ஏறக் கூடாது. தரையில் பழைய பொத்தானோ குண்டோ கண்ணில் பட்டாலும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ட்ரோன் பறக்க விடவும் தடை. இடி கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள், உடனே காருக்குப் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கி நிற்பது ஆபத்து.

கேள்வி கேளுங்கள்

நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். பேச்சு முடிந்ததும் கைதட்டிவிட்டுக் காரை நோக்கிக் கிளம்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு வரும் பதினைந்து நிமிடம்தான் மாலையின் சிறந்த பகுதி. எல்லோர் முன்னிலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் காத்திருந்து தனியாகக் கேட்கலாம், ரேஞ்சர் நெருப்பை அணைக்கும் வரை அங்கேதான் இருப்பார். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உலகின் பல நாட்டுக்காரர்களோடு பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

எந்தத் துப்பாக்கி, எத்தனை கஜம் என்ற கேள்விகளை மற்றவர்கள் கேட்டுவிடுவார்கள். நான் கேட்கச் சொல்வது மனிதர்களைப் பற்றி. சண்டை நடந்த வயல் யாருடையது, பயிருக்கு யாராவது நஷ்டஈடு கொடுத்தார்களா? இங்கே வாழ்ந்த கருப்பின மக்கள் என்ன ஆனார்கள்? கெட்டிஸ்பர்க்கில் பிக்கெட் தாக்குதல் வந்து மோதிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஏப்ரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கருப்பின விவசாயியின் வீடு இன்றும் நிற்கிறது. தெற்குப் படை வருகிறது என்றதும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். இப்படி ஒரு கேள்வியிலிருந்து போர் முழுவதையும் புரிந்துகொள்ள முடியும். கூட்டத்தில் அந்தப் படைவீரர்களின், அல்லது அடிமைப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கலாம். அதனால் குரலில் மரியாதை இருக்கட்டும். அடிமை முறை பற்றிக் கேட்கத் தயங்க மட்டும் வேண்டாம்.

பெற்றோரும் பிள்ளைகளும்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டால், போகும் வழியில் காரிலேயே கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். பேச்சின்போது கிசுகிசுவென்று மொழிபெயர்ப்பதைவிட இது நல்லது. காது சரியாகக் கேட்காதவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் சில நாட்கள் முன்பே பூங்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம், ஏற்பாடு செய்வார்கள்.

பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் இருக்கிறது, பல பூங்காக்களில் இலவசம். பார்வையாளர் மையத்தில் பிற்பகலில் வாங்கிக் கொடுங்கள். அதில் உள்ள பயிற்சிகளை முடித்தால் ரேஞ்சர் உறுதிமொழி எடுக்க வைத்து ஒரு பேட்ஜ் கொடுப்பார். ரேஞ்சர் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போவதும் அந்தப் பயிற்சிகளில் ஒன்றாகப் பல இடங்களில் வரும், மாலைப் பேச்சு அதற்குக் கணக்காகும். மிகச் சிறு குழந்தை என்றால் ஓரத்து இருக்கையில் உட்காருங்கள், அழுதால் வெளியே போய்வர வசதி.

திரும்பும்போது

பூங்காச் சாலைகளில் தெருவிளக்கு இருக்காது. பென்சில்வேனியாவில் அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், ஒன்று போனால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். கெட்டிஸ்பர்க்கில் பல சாலைகள் ஒருவழி, போகும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வைப்பது நல்லது. பூங்கா எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கோ விடுதிக்கோ போனதும் குளித்துவிட்டு, முழங்காலின் பின்பக்கம், அக்குள், காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால் லைம் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

வசதி இருந்தால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். கெட்டிஸ்பர்க் கோடையில் அதிகாலையிலேயே திறந்துவிடும். வெயில் ஏறுவதற்குள், ரேஞ்சர் பேசிய இடத்துக்கு மட்டும் போய், அவர் சொன்ன வழியில் நடந்து பாருங்கள்.